ஜொகூர்: மாநில ஆட்சிக்குழுவும் சட்டமன்றமும்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் நிர்வாகம் சட்டமன்றத்திலிருந்தே பிறக்கிறது. 56 இடங்கள் கொண்ட அவையில் பெரும்பான்மையினரின் நம்பிக்கையைப் பெற்றவரெனத் தாம் கருதும் உறுப்பினரைச் சுல்தான் மந்திரி பெசாராக (மாநில முதலமைச்சராக) நியமிக்கிறார். அவர் ஆலோசனைப்படி அமையும் ஆட்சிக்குழுவும் அவை உறுப்பினர்களைக் கொண்டதே. அது அவைக்குக் கூட்டுப் பொறுப்புடையது. நம்பிக்கையை இழந்த மந்திரி பெசார் பதவி விலக வேண்டும். அல்லது அவையைக் கலைக்கும்படி சுல்தானைக் கோரலாம். கோரிக்கையை ஏற்பதும் மறுப்பதும் சுல்தானின் விருப்பம்.

சுல்தான் அபு பக்கார் 1895இல் தந்த அரசமைப்புச் சட்டம் மலாய் மாநிலங்களிலேயே முதலாவது எழுத்துவடிவ அரசமைப்பு. அரண்மனையின் செல்வாக்கு இன்றும் இங்கு மிகுதி.

ஆட்சிக்குழு, சட்டமன்றம், அரண்மனை ஆகியவற்றின் உறவுக்கு உண்மையான சோதனை 2020 பிப்ரவரியில் வந்தது. 2018 தேர்தலில் வென்ற பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி அரசு, அதன் உறுப்புக் கட்சியான பெர்சத்து விலகியதும் கவிழ்ந்தது. அவையில் வாக்கெடுப்பு நடக்கவில்லை. சுல்தான் இப்ராஹிம் உறுப்பினர்களை நேரில் அழைத்துக் கேட்டறிந்தார். பிப்ரவரி 28இல் ஹஸ்னி முகமது மந்திரி பெசாராகப் பதவியேற்றார். அவையின் நம்பிக்கை அவைக்கு வெளியே அளக்கப்பட்டது. வாக்காளர் பார்வையில் இது பெருங்குறையே.

2021 டிசம்பரில் அவை உறுப்பினரும் முன்னாள் மந்திரி பெசாருமான ஒஸ்மான் சப்பியான் காலமானபின் அவையில் அரசுக்கு 28 பேர், எதிரணிக்கு 27 பேர் என்றானது. 2022 ஜனவரி 22இல் அவை கலைக்கப்பட்டது. மார்ச் 12 தேர்தலில் பாரிசான் நேஷனல் கூட்டணி 40 இடங்களை வென்றது. காஹாங், கெமெலா, தெங்காரோ தொகுதிகள் அக்கூட்டணியின் உறுப்புக் கட்சியான ம.இ.காவுக்கு (மலேசிய இந்திய காங்கிரஸ்) கிடைத்தன. ஓன் ஹாஃபிஸ் காஸி மந்திரி பெசாரானார்.