சங்கிலியை அவிழ்த்தவர் யார்?

பாரிஸ் சல்பெத்ரியர் வைத்தியசாலை முன்றலில் வைத்தியர் பிலிப் பினெலின் சிலை நிற்கிறது. கையில் விலங்கு, காலடியில் ஒரு பெண். 1849இல் சார்ள் முல்லரும் 1876இல் தோனி ரொபேர்-பிளெரியும் தீட்டிய ஓவியங்களிலும் இவர்தான் நாயகன்: மனநோயாளரைச் சங்கிலியிலிருந்து விடுவித்த வள்ளல்.

நடந்தது வேறு. பிசெத்ர் விடுதியில் ஆண்களின் சங்கிலிகள் கழற்றப்பட்டது 1797இல். பினெலோ 1795இலேயே அங்கிருந்து சல்பெத்ரியருக்கு மாற்றலாகிவிட்டார். கழற்றுவித்தவர் ழான்-பப்திஸ்த் புஸ்ஸன். தோல் பதனிடும் தொழிலாளி. கண்டமாலை நோயுடன் பிசெத்ருக்கு நோயாளியாக வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்து, மனநோயாளர் பகுதியின் மேற்பார்வையாளராக உயர்ந்தவர். வைத்தியப் படிப்பு எதுவும் கிடையாது. பினெலைக் குறைசொல்ல முடியாது. புஸ்ஸனிடம் தான் கற்றவற்றை அவரே எழுதியிருக்கிறார். பின்னாளில் அவரைத் தன்னிடம் அழைத்தும் கொண்டார். கதையை மாற்றியதில் பெரும்பங்கு பினெலின் மகன் சிப்பியோனுடையது. சிலை எழுப்புகிறவர்களுக்கு வேலையாட்களின் பெயர் ஞாபகத்தில் நிற்பதில்லை. சமையலறைக்குள் நிற்கும் எங்களுக்கு இது புதினமுமில்லை.

நோயாளி கைநீட்டினாலும் ஊழியர் திருப்பி அடிக்கக்கூடாது என்பது புஸ்ஸனின் கட்டளை. குணமடைந்தவர்களிலிருந்தே அவர் ஊழியரைத் தெரிந்தெடுத்தார். விலங்கின் கனம் அவர்களுக்குத் தெரியும்தானே. ஆனாலும் ஒன்றை மறைக்கக்கூடாது: சங்கிலி போன இடத்துக்கு, கைகளை மடக்கிப் பின்னால் முடிச்சிடும் தடித்த துணிச்சட்டை வந்தது. இரும்பு துணியானது; கட்டுவது நிற்கவில்லை.

அந்தச் சட்டையையும் தோல்பட்டிகளையும் ஒழிக்க இங்கிலாந்தில் முயன்றார்கள். லிங்கன் நகரில் ரொபேர்ட் கார்டினர் ஹில் முதலில் செய்துகாட்ட, 1839இல் லண்டனுக்கருகே ஹன்வெல்லில் பொறுப்பேற்ற ஜோன் கொனொலி, ஏறத்தாழ 800 பேர் இருந்த பெருவிடுதியிலேயே அதைச் செய்தார். மெத்தை பதித்த தனியறை அவருக்கும் தேவைப்பட்டதுதான். பட்டியை எடுப்பதானால் போதுமான, நல்ல ஊழியர் வேண்டும் என்பதில் இருவருமே உறுதியாக இருந்தார்கள். காசு செலவாகும் விடயம். ஆள் குறைந்த இடங்களில் பட்டி திரும்பி வந்தது.

இன்றும் வருகிறது. சில வருடங்களுக்கு முன் எங்களுடன் அறையிலிருந்த பெடியன் ஒருவனைப் பொலிஸ் ஒரு வைத்தியசாலையில் கொண்டுபோய் விட்டது. அவன் தமிழில் கத்தினான். கத்துகிறான் என்பது மட்டுமே அவர்களுக்கு விளங்கியது. கைகால்களைக் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். இரவு வேலை முடிந்து நாங்கள் போனபோது தண்ணீர் கேட்டான். கதைக்கக் கதைக்க அடங்கினான். அந்த இரவில் முழுப் பகுதிக்கும் இரண்டு தாதியர். அவர்கள் முகத்திலும் பயம்தான் இருந்தது.

பிரெஞ்சுச் சட்டம் 2016இல்தான் கட்டிவைப்பதைக் கடைசி வழியென எழுதி, ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் குறிக்கச் சொன்னது. அது போதாதென 2020இல் அரசியலமைப்புச் சபை தீர்ப்பளித்தது. 2022 ஜனவரிச் சட்டத்தின்படி, மனநல வைத்தியரின் முடிவில் ஒருவரை 6 மணிநேரம் கட்டிவைக்கலாம். புதுப்பித்துப் புதுப்பித்து 24 மணிநேரம் வரை போகலாம். விதிவிலக்காக அதையும் தாண்டினால் நீதிபதிக்கும் உறவினருக்கும் அறிவிக்க வேண்டும். அவிழ்க்கும்படி நீதிபதியிடம் நோயாளி மட்டுமல்ல, உறவினரும் அவர் நலனில் அக்கறையுள்ள எவரும் கேட்கலாம். அறையில் கூட இருப்பவரும் அதற்குள் அடங்குவார்.