சீன நாடகமும் செவிக் கல்வியும்: சிகாமட் தமிழரின் அனுபவம் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஜொகூர் மாநிலத்தின் வடபகுதியில் அமைந்த சிகாமட் பட்டணம், கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரையிலான இருப்புப்பாதை 1909-ஆம் ஆண்டில் நிறைவெய்திய பின்னர் ரப்பர்த் தோட்டங்களின் துணையால் வளம் பெற்ற ஊர்களுள் ஒன்று. பால்மரம் வெட்ட வந்த தமிழர் தோட்டத்து லயங்களிலும், வாணிகம் நடத்திய சீனர் கடைவீதியிலும் குடியேறினமையால், இங்குள்ள தமிழருக்குச் சீன மொழி என்பது அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் கடன் கொடுக்கும் கடைக்காரரின் வாயிலிருந்து நாள்தோறும் காதில் விழுந்த பாஷையாக இருந்து வந்திருக்கிறது. ஆயினும், இன்று சரளமாகச் சீனம் பேசும் தமிழரை அது எங்ஙனம் கைவந்தது என்று வினவினால், தொலைக்காட்சியில் சீன நாடகம் பார்த்தே கற்றதாகப் பலரும் விடை பகர்கின்றனர். இவ்விடை எவ்வளவு தூரம் உண்மை என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாடகம் செவியைப் பண்படுத்துகிறது. நாவைப் பண்படுத்தும் ஆற்றல் அதற்கில்லை. அப்பணியைச் செய்வது கடைவீதியே என்பது நம் துணிபு.

மலேசியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கிற்று. 1984-இல் டிவி3 என்னும் தனியார் நிலையமும், 1996-இல் ஆஸ்ட்ரோ என்னும் செயற்கைக்கோள் சேவையும் தோன்றவே, சீன நாடகங்கள் தமிழர் இல்லங்களுள்ளும் தாராளமாகப் பிரவேசித்தன. அவற்றுள், 1967-இல் தோன்றிய ஹாங்காங் டிவிபி நிலையத்தின் நாடகங்கள் கண்டோனீஸ் மொழியில் அமைந்தவை. 1993-இல் தைவானில் வெளியாகி 236 பாகங்களாக நீண்ட நீதிபதி பாவ் கதையோ மாண்டரின் மொழியில் அமைந்தது. இவ்விரு மொழிகளும் எழுத்தில் நெருங்கியிருப்பினும், ஒன்றைப் பேசுவோர்க்கு மற்றது செவிவழியாக விளங்காத அளவுக்கு வேறுபட்டவை. கண்டோனீஸ் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் பெருவழக்காக இருக்க, ஜொகூரின் பொதுவழக்கோ பெரிதும் மாண்டரின். வீட்டுக்குள்ளே ஹொக்கியன், ஹக்கா முதலியனவும் வழங்குகின்றன. ஆகவே, ஹாங்காங் நாடகத்தை ஆண்டுக்கணக்கில் ஊன்றிப் பார்த்த சிகாமட் தமிழர் ஒருவர், தம் ஊர்ச் சந்தையில் அவ்வறிவைப் பயன்படுத்த இயலாமல் திகைக்க நேரும். எந்தச் சீனத்தைக் கற்கிறோம் என்ற தெளிவு முதற்கண் வேண்டும் என்பதை இதனால் அறியலாம்.

இனி, செவிக் கல்வியின் இயல்பை நோக்குவோம். மாண்டரின் மொழியில் நான்கு தொனிகள் உண்டு. ஒரே ஒலிக்கூட்டம் தொனி மாறினால் வேறு சொல்லாகிவிடும். 'மாய்' என்பதைத் தாழ்ந்து வளைந்த குரலில் கூறினால் வாங்குதல். மேலிருந்து சட்டென இறங்கும் குரலில் கூறினால் விற்றல். வாணிகத்தின் இரு முனைகளையும் பிரித்துக் காட்டுவது குரலின் போக்கு ஒன்றே. தமிழிலோ குரலின் ஏற்ற இறக்கம் வினாவையும் வியப்பையும் கோபத்தையும் காட்டுமேயன்றிச் சொற்பொருளை மாற்றுவதில்லை. அதனால் தமிழ்ச் செவி, இறங்கு தொனியைக் கேட்டவுடன் பேசுபவர் சினங்கொண்டார் என்றே முதலில் கருதும். நாடகமோ உணர்ச்சி மிகுந்த கலை. அழுகையும் ஆத்திரமும் மேலிட்ட சம்பாஷணையில் பாவத்திற்குரிய குரலும் சொல்லுக்குரிய தொனியும் பின்னிக் கிடக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு நெடுங்காலக் கேள்விப் பயிற்சி இன்றியமையாதது. ஒரே பாத்திரங்கள் மாதக்கணக்கில் ஒரே வகைச் சொற்றொடர்களைத் திரும்பத் திரும்பப் பேசும் தொடர்நாடகம் அப்பயிற்சியைச் சலிப்பின்றி அளிக்கிறது. இதுவே அதன் தலையாய சிறப்பு.

நாவின் நுனியை மேல்நோக்கி வளைத்து உச்சரிக்கும் மாண்டரின் ஒலிகள் தமிழருக்கு அவ்வளவு அந்நியமானவை அல்ல. டகர ளகரங்களை இயல்பாகப் பேசுவோரும், நுனிநா அண்ணத்தை வருடுவதால் ழகரம் பிறக்கும் எனத் தொல்காப்பியத்துப் பிறப்பியலில் கற்றோரும் அவ்வொலிகளை எளிதில் பற்றிக்கொள்வர். மலேசியச் சீனரிற் பலர் இந்நாவளைவை நெகிழவிட்டே பேசுவதால், நாடகம் வழியே பயின்ற தமிழரின் உச்சரிப்பு சில இடங்களில் கடைக்காரரின் உச்சரிப்பினும் திருத்தமாக இருத்தல் கூடும்.

அடுத்து, திரையின் அடியில் ஓடும் மலாய் சப்டைட்டிலைப் பற்றி ஆராய வேண்டும். சீனம் அறியாத தமிழருக்குக் கதையை விளக்கும் பாலம் அதுவே. எனினும், மிட்டரர், மெக்வீன் என்னும் ஆராய்ச்சியாளர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலிய உச்சரிப்பிலான ஆங்கிலத்தைக் கேட்ட டச்சு மக்களுக்கு ஆங்கில எழுத்துவரி செவிக்குத் துணை புரிந்தது என்றும், டச்சு எழுத்துவரி இடையூறாயிற்று என்றும் கண்டனர். இம்முடிவை நம் நிலைக்குப் பொருத்தின், மலாய் வரி பொருளைத் தந்து ஒலியை மறைக்கும் தன்மையது என ஊகிக்கலாம். கண் வரியைத் தொடரத் தொடரக் காது ஓய்வு கொள்ளும். சீன நாடகங்கள் பலவற்றில் சீன எழுத்துவரியும் உடன் வருகிறது. அதை வாசிக்க வல்லவர், சீனப் பள்ளியில் பயிலும் தமிழ்க் குழந்தைகளே. பாட்டி ஒலியை இனங்காணவும் பேரன் எழுத்தை வாசித்துச் சொல்லவும் இருவரும் சேர்ந்தமர்ந்து பார்க்கும் வீடுகளில், நாடகம் மெய்யாகவே பாடசாலையாகிறது.

கேட்டல் மட்டும் போதாது என்பதற்குப் பிரபலமானதொரு பரிசோதனை சான்றாக நிற்கிறது. பட்ரிசியா கூல் என்னும் அறிஞரின் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகள் சிலருக்கு மாண்டரின் பேசுவோர் நேரில் அமர்ந்து 12 முறை விளையாட்டுக் காட்டிக் கதை படித்தனர். வேறு சிலருக்கு அதே பேச்சு திரையில் காட்டப்பட்டது. நேரிற் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையிற் கண்டவையோ ஏதும் கற்கவில்லை. பச்சிளங் குழந்தையின் நிலையை வளர்ந்தோர்க்கு ஏற்றிக் கூறலாமா என்று சிலர் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் நியாயமானதே; வளர்ந்தவருக்கு வேறு மொழிகளின் அறிவும் கற்கும் உறுதியும் உண்டு. ஆனால், மறுமொழி எதிர்பாராத பேச்சு நாவை இயக்காது என்னும் உண்மை அவருக்கும் பொருந்தும். சிரவணமும் மனனமும் நாடகத்தால் வாய்க்கும். சம்பாஷணை மனிதரிடமே வாய்க்கும்.

அரண்மனை நாடகத்தில் மூழ்கியவர் அரசியை விளிக்கும் முறையை அறிவார். சிகாமட் காய்கறிக் கடையில் நின்றாலோ, மலாய்ச் சொல்லாகிய பசாரையே உள்ளூர்ச் சீனர் 'பாஷா' என வழங்குவதைக் கேட்டு, இதை எந்த நாடகமும் நமக்குச் சொல்லவில்லையே என வியப்பார். விலை கேட்டல், குறைத்துக் கேட்டல், நலம் விசாரித்தல் ஆகியவற்றுக்குரிய சொல்லையும் தொனியையும் பிழை கண்டவிடத்துத் திருத்தித் தருபவர் அக்கடைக்காரரே. இரவில் நாடகத்தில் கேட்ட வாக்கியம் ஒன்றை மறுநாள் அவரிடம் சொல்லிப் பார்ப்பவர் வெகுவிரைவில் முன்னேறுவது கண்கூடு. திரையோடு நின்றுவிடுபவர் கதை விளங்கியும் வாய் திறவாதவராகவே காலங்கழிக்கின்றனர்.

ஆதலால், நாடகம் பார்த்தே கற்றேன் என்போர் தம் ஆசிரியர்களுள் ஒருவரை மட்டுமே கூறி, மற்றவரை மறந்துவிடுகின்றனர் என்பது நம் முடிபு. சீன மொழியைப் பயில விரும்பும் தமிழ் அன்பர்கள் முதலில் மாண்டரின் நாடகத்தைத் தெரிந்தெடுக்கவும், கதை விளங்கிய காட்சியை மலாய் வரியைப் பாராமல் மறுமுறை கேட்கவும், கேட்டதை நாள் தவறாமல் ஒரு சீன அயலாரிடம் பேசவும் முற்படுவார்களாக. சிகாமட் போன்ற ஊரில் அத்தகைய அயலார்க்குப் பஞ்சமில்லை; பிழைபடப் பேச நாணாத மனமே நாம் தேடிக்கொள்ள வேண்டியது.