தபாலில் வளர்ந்த தமிழ்

சிங்கப்பூரின் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் தமிழும் ஒன்று. அதற்கு இந்த இடம் எப்படிக் கிடைத்தது என்று கேட்டால், 1956-இல் அனைத்துக் கட்சிக் குழு நான்கு மொழிவழிக் கல்வியையும் சமமாக நடத்தப் பரிந்துரைத்ததையும், 1965-இல் விடுதலைக்குப் பிறகு வந்த சட்டத்தையும் காட்டுவார்கள். அது பாதிக் கதைதான். ஒரு மொழியைச் சட்டம் ஏற்க வேண்டுமானால், அதற்காகக் குரல் கொடுக்கும் கூட்டம் ஒன்று முன்பே இருந்தாக வேண்டும். தேக்காவின் கடைத்தெரு, துறைமுகம், தீவின் வடக்கே ரப்பர்த் தோட்டங்கள் என்று சிதறிக் கிடந்த தமிழர்களுக்குள் சாதிப் பிரிவும் ஊர்ப் பிரிவும் சமயப் பிரிவும் வேறு இருந்தன. அவர்களை ஒரு கூட்டமாக்கியதில் பெரும்பங்கு தபாலுக்கு உண்டு. பத்திரிகைக்கு எழுதுவது, எழுதியது அச்சில் வருவது, அதற்கு இன்னொருவர் மறுப்பு எழுதுவது என்ற இந்தப் போக்குவரத்தில்தான் சிங்கப்பூர்த் தமிழர் என்ற பொது அடையாளம் உருவானது.

இதன் வேர் பழையது. சி. கு. மகதூம் சாயபு 1887-இல் தொடங்கிய ‘சிங்கை நேசன்’ வார இதழ் 1890 வரை வந்தது. ஆனால் கடிதப் போக்குவரத்து ஓர் இயக்கமாக மாறியது, 1935 ஜூலையில் ‘தமிழ் முரசு’ வந்த பிறகுதான். 1932-இல் அமைந்த தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் இதழாகப் பிறந்த அதைத் தன் தோளில் சுமந்தவர் கோ. சாரங்கபாணி. 1950-களின் தொடக்கத்தில் முரசு நடத்திய மாணவர் மணிமன்றம், பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பியதை அவர்கள் பெயரோடு அச்சிட்டது. ஜொகூர்த் தோட்டத்துப் பையனுக்குச் சிராங்கூன் ரோட்டுப் பையனைத் தெரிந்தது அந்தப் பக்கத்தின் வழியாகத்தான். மலேசியாவில் தமிழ் இளைஞர் மணிமன்றம் என்ற அமைப்பே அதிலிருந்து கிளைத்தது.

கூட்டம் உருவாகிவிட்டதா என்பதற்குச் சோதனை விரைவிலேயே வந்தது. அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகம் இந்திய ஆய்வியல் துறை ஒன்றைத் தொடங்க முனைந்தது. ஆலோசனை கூற அழைக்கப்பட்ட வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரி, சமஸ்கிருதத்துக்கு முதலிடம் தரச் சொன்னார். தமிழர்கள் கொதித்தெழுந்தனர், முரசு அந்தக் குரல்களைத் திரட்டியது. அதோடு நிற்காமல் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்ற நிதியைத் தொடங்கி, துறையின் நூலகத்துக்காக ஆளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கேட்டது. கேட்ட தொகை சிறியது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நாலு செல்வந்தர்களிடம் வாங்கியிருந்தால் நூல்கள் வந்திருக்கும், கூட்டம் வந்திருக்காது. 1956-இல் தொடங்கிய துறையில் தமிழே பாடமொழியாக நின்றது.

இதெல்லாம் படித்த சிலரின் வேலை, கூலிக்காரனுக்கு எழுத்தே தெரியாதே என்று கேட்கலாம். பேனா பிடித்தவர்கள் சிலர்தான், அவர்களிலும் ஆண்களே மிகுதி. ஆனால் ஒருவர் படிக்க நாலு பேர் கேட்பதும், எழுதத் தெரிந்தவரிடம் சொல்லி எழுதிக்கொள்வதும் அன்று புதிதல்ல. எழுத்து தெரியாதவரும் கொடுக்கக்கூடியதாக இருந்தது அந்த ஒரு வெள்ளி. பல இன நாட்டை ஆள்வோரின் அரசியல் கணக்கே தமிழுக்கு இடம் தந்தது என்பது இன்னும் வலுவான மறுப்பு. கணக்கு இருந்தது உண்மை. ஆனால் அந்தக் கணக்கில் ‘இந்தியர்’ என்ற தலைப்பின்கீழ் மலையாளமும் பஞ்சாபியும் இந்தியும் பேசியவர்களும் இருந்தார்கள். அந்த மொழிகளுள் தமிழ் முன்னால் நின்றதற்கு எண்ணிக்கை ஒரு காரணம். எண்ணிக்கைக்கு நாக்கு இருந்தது மற்றொரு காரணம்.

சட்டமே போதும் என்போருக்கு அயர்லாந்து பதில் சொல்கிறது. அங்கே 1893-இல் டக்ளஸ் ஹைட் முதலானோர் அமைத்த கேலிக் லீக்கின் ஆதரவாளர்கள், ஐரிஷ் மொழியில் முகவரி எழுதிய பொதிகளைத் தபால் நிலையம் ஏற்க வேண்டும் என்று 1905 வாக்கில் போராடினார்கள். பின்னால் அரசே அவர்கள் பக்கம் வந்தது. 1937 அரசமைப்பு ஐரிஷை முதல் அதிகாரத்துவ மொழியாக்கியது. ஆயினும் 2022 கணக்கெடுப்பில் ஐரிஷ் தெரியும் என்றவர்கள் சுமார் 18.7 லட்சம் பேர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் அதைப் பேசுவோர் சுமார் 72,000 பேர்தான். சிங்கப்பூரிலும் இதே போக்குத் தெரிகிறது. கடைசித் தமிழ்ப்பள்ளியான உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 2020 கணக்கெடுப்பில், வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் குடியிருப்பாளர்களில் 2.5 விழுக்காடு. தமிழின் சட்டநிலை மட்டும் இம்மியும் குறையவில்லை. அப்படியானால் கடிதம் எழுதியவர்கள் தோற்றுவிட்டார்களா? அவர்கள் வென்றது இடத்தை. அந்த இடத்தில் பேச்சு நடக்கிறதா என்பது ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தீர்க்க வேண்டிய கணக்கு. தேக்காவில் எத்தனை பலகைகள் தமிழில் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, தமிழில் எழுதினால் தமிழில் பதில் வரும் என்று நம்பி எழுதும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணுவதே சரியான அளவுகோல். மணிமன்றப் பக்கம் அன்று அந்த நம்பிக்கையைத்தான் அச்சிட்டது.