‘ஈக்கோ’ பொத்தான் எதை மிச்சப்படுத்துகிறது? தேற்றாத்தீவுக் கிணற்று நீரில் ஒரு கணக்கு

ஒருபுறம் வங்கக் கடல், மறுபுறம் மட்டக்களப்பு வாவி, இரண்டுக்கும் நடுவே மணற்பாங்கான நிலம். மட்டக்களப்பு–கல்முனை வீதியில் களுதாவளையை அடுத்திருக்கும் தேற்றாத்தீவில் கிணற்றடிக் கல்லில் உடுப்புத் தோய்ப்பது இன்னும் வழக்கில் உண்டு. ஆனாலும் போர் சிதறடித்த குடும்பங்களில் வெளிநாட்டு உறவுகள் அனுப்பும் பணத்தில் சலவை இயந்திரம் வாங்கும் வீடுகள் கிழக்கில் கூடிவருகின்றன. இயந்திரத்தோடு ஓர் அறிவுரையும் தொலைபேசியில் வரும்: “ஈக்கோவில் போடுங்கோ, கரண்ட் மிச்சம்.” சூரிச்சிலோ இலண்டனிலோ அது சரி. இங்கே எவ்வளவு சரி?

மின்சாரம் எங்கே போகிறது?

தண்ணீரைச் சூடாக்கும் இயந்திரத்தில், சூட்டுச் சலவையின் பெரும்பகுதி மின்சாரம் உடுப்பைச் சுழற்றப் போவதில்லை; நீரைச் சூடாக்கவே போகிறது. மோட்டாருக்குச் சில நூறு வாற் போதும். வெப்பச்சுருள் சுமார் 2,000 வாற் இழுக்கும்.

ஒரு லீற்றர் நீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க ஏறத்தாழ 1.16 வாற்-மணி தேவை. உதாரணமாக 15 லீற்றர் நீரை எடுப்போம். ஐரோப்பியக் குளிர்காலத்தில் 10 பாகையில் வரும் குழாய் நீரை 60 பாகைக்குக் கொண்டுபோக 0.87 அலகு மின்சாரம் வேண்டும். 40 பாகைக்கு 0.52 அலகு. நமது கரையோரக் கிணற்று நீர் சுமார் 28 பாகையிலேயே இருக்கிறது என்று வைத்தால், 40 பாகைக்கு 0.21 அலகும் 60 பாகைக்கு 0.56 அலகும் போதும். 30 பாகைக்கு 0.03 அலகுதான்.

ஐரோப்பாவில் காசு கொடுத்து ஏற்றும் சூட்டின் பெரும்பகுதியை வெயில் நமக்கு இலவசமாகத் தந்துவிடுகிறது. இங்கே ‘பச்சைத் தண்ணீர்’ என்பதே அங்குள்ள 30 பாகைச் சலவைக்குக் கிட்டியது.

ஈக்கோ ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது?

ஊத்தை போக நான்கு விடயங்கள் வேண்டும்: சூடு, சலவைத்தூள், அசைவு, நேரம். ஒன்றைக் குறைத்தால் மற்றொன்றைக் கூட்டவேண்டும். ஜேர்மன் வேதியியலாளர் ஹெர்பேர்ட் சின்னர் 1959 இல் இதை ஒரு வட்டமாக வரைந்து விளக்கினார். ஈக்கோ சுற்று சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டுகிறது. மோட்டார் கூடுதல் நேரம் சுழன்றாலும், நீரைச் சூடாக்குவதோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு சிறியது. சலவைத்தூளிலுள்ள நொதியங்களுக்கும் வியர்வை, எண்ணெய், உணவுக் கறைகளை உடைக்க நேரம் கிடைக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச்சிலிருந்து புதிய இயந்திரங்களின் மின்சக்தி முத்திரை ‘ஈக்கோ 40-60’ என்ற சுற்றை வைத்தே கணிக்கப்படுகிறது. 40 பாகை, 60 பாகை எனக் குறியிட்ட சாதாரண ஊத்தைப் பருத்தி உடுப்புகளை ஒன்றாகத் துவைக்கும் சுற்று அது. முழுச்சுமையில் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓடுவது வழமை. பெயரில் 60 இருப்பதால் நீர் 60 பாகையைத் தொடும் என்று நினைக்கக்கூடாது. உண்மையில் எட்டும் வெப்பநிலை அதைவிடக் குறைவாக இருக்கலாம்; கைநூலில் அது இருக்கும்.

உங்கள் இயந்திரம் எது?

கையால் மாற்றிப்போடும் இரட்டைத் தொட்டி இயந்திரத்திலும், மேலே திறக்கும் இயந்திரங்கள் பலவற்றிலும் வெப்பச்சுருளே இல்லை. அவற்றில் ‘ஈக்கோ’ என்று எழுதியிருந்தால் அது நீரையோ நேரத்தையோ குறைப்பதாக இருக்கலாம். எல்லா நிறுவனங்களும் ஒரே பொருளில் அந்தச் சொல்லைப் பயன்படுத்துவதில்லை. முன்பக்கம் திறக்கும் இயந்திரங்களில் பொதுவாக வெப்பச்சுருள் உண்டு. அதில் ‘கொட்டன் 60’ இல் முள் நின்றால், கவனிக்காமலே மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்.

மாதம் 20 தடவை 60 பாகையில் துவைத்தால் சூட்டுக்கு மட்டும் 11 அலகு. சிறிதாகத் தோன்றலாம். ஆனால் இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் அலகின் விலையும் நிலையான கட்டணமும் மாறும். 2022 ஓகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் கட்டணம் ஏறியதைப் பார்த்த குடும்பங்களுக்கு, ஒரு வருமானத்தில் ஓடும் வீடுகளுக்கு முக்கியமாக, அந்த 11 அலகு எந்தப் படியில் விழுகிறது என்பது பெரிய விடயம்.

சூடு வேண்டிய இடம்

எல்லாவற்றையும் குளிர்நீரில் போடலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. படுக்கையிலிருக்கும் நோயாளியின் விரிப்பு, காயத்துணி, குழந்தையின் அணையாடை ஆகியவற்றுக்கு 60 பாகை நல்லது. தூசிப் பூச்சிகளும் அந்தச் சூட்டில் இறக்கும். ஈக்கோவை இதற்கு நம்பவேண்டாம். வெப்பச்சுருள் இல்லாத வீட்டில், துணி தாங்குமென்றால், கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து நல்ல வெயிலில் காயவிடுங்கள்.

பாடசாலை வெள்ளைச் சீருடையின் கழுத்துப்பட்டி ஊத்தைக்குச் சூட்டைவிட ஊறலே முக்கியம். நொதியம் கலந்த சலவைத்தூளில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, கழுத்துப்பட்டியைக் கையால் தேய்த்து, பின் குளிர்நீரில் போடலாம்.

கிணற்று நீர் கடினநீரா என்றும் பாருங்கள். போத்தலில் கொஞ்சம் நீரும் சவர்க்காரமும் இட்டுக் குலுக்கினால் நுரை வராமல் வெண்மையாகத் திரண்டால் அது கடினநீர். அதைச் சூடாக்கச் சூடாக்க வெப்பச்சுருளில் சுண்ணாம்பு படியும். குளிர்நீரில் துவைப்பது சுருளுக்கும் நல்லது. ஆனால் எப்போதும் குளிர்நீரே என்றால் தொட்டியில் அழுக்குப் படலம் சேர்ந்து மணக்கும். வெப்பச்சுருள் உள்ள இயந்திரத்தை மாதம் ஒருமுறை உடுப்பில்லாமல் 60 பாகையில் ஓடவிடுங்கள்.

சுருக்கமாக

அன்றாட உடுப்புக்குக் குளிர்நீர் அல்லது 30 பாகை. தொட்டி நிறையும்வரை காத்திருந்து ஒரே தடவையில் துவைப்பது. நோயாளியின் துணிக்கு மட்டும் 60. கொஞ்சம் சூடு வேண்டிய பருத்தித் துணிக்கு, மின்வெட்டுப் பயம் இல்லாத நாளில், ஈக்கோ. உலர்த்துவதற்கு வளவுக்குள் ஒரு கயிறும் கிழக்குக் கரை வெயிலும் காற்றும் போதும். அதற்கு மின்பட்டியல் வராது.