படைச் செலவில் முதலீட்டுத் தொகுப்பும் இடர் ஆய்வும் (அமெரிக்கா)

ஏவுகணை, கப்பல், விமானம் என்று தனித்தனியே பாராமல், படைக்கு வாங்கும் எல்லாவற்றையும் ஒரே முதலீட்டுத் தொகுப்பாக வைத்து, எதற்கு எவ்வளவு செலவிடுவது, எது பொய்த்தால் என்ன இழப்பு என்று முடிவெடுக்கும் முறை. தனியாகப் பார்த்தால் எந்த ஆயுதமும் அவசியமாகவே தோன்றும். அதே பணத்துக்கு வேறென்ன கிடைக்கும் என்று கேட்கும்போதுதான் அதன் உண்மையான மதிப்பு தெரியவரும்.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையில் இம்முறை 1961-இல் வேரூன்றியது. ஃபோர்டு கார் நிறுவனத்தின் தலைவராக இருந்து பாதுகாப்புச் செயலரான ராபர்ட் மெக்னமாரா, ராண்ட் ஆய்வு நிறுவனத்தின் பொருளியலாளர் சார்லஸ் ஹிட்ச்சிடம் நிதிப் பொறுப்பை ஒப்படைத்தார். அதுவரை முப்படைகளும் தத்தம் பங்கைத் தனித்தனியே கேட்டு வாங்கிவந்தன. ஹிட்ச் செலவைப் படைவாரியாக அல்லாமல் பணிவாரியாகப் பிரித்தார். விமானப்படையின் மினிட்மேன் ஏவுகணையும் கடற்படையின் நீர்மூழ்கியிலிருந்து ஏவும் பொலாரிஸும் அணு ஆயுதப் பதிலடி என்ற ஒரே தலைப்பில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன.

அந்த ஒப்பீட்டில் அடிபட்டது ஸ்கைபோல்ட். பி-52 விமானத்திலிருந்து ஏவத் திட்டமிட்ட இந்த ஏவுகணையின் செலவு ஏறிக்கொண்டே போனது, சோதனைகளும் கைகொடுக்கவில்லை. அதன் வேலையை மற்ற இரண்டுமே செய்யும் என்று கண்டு 1962 டிசம்பரில் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆனால் பிரிட்டன், 1960-இல் தன் சொந்த ஏவுகணைத் திட்டத்தை நிறுத்திவிட்டு ஸ்கைபோல்ட்டையே நம்பியிருந்தது. பஹாமாஸின் நசாவ் நகரில் பிரிட்டன் பிரதமர் மேக்மில்லனைச் சந்தித்த அமெரிக்க அதிபர் கென்னடி, பதிலுக்குப் பொலாரிஸைத் தர நேர்ந்தது. செலவுக் கணக்கு சரிதான். நட்பு நாட்டின் நம்பிக்கைக்கு அதில் போதிய இடம் தராததே குறை.

இடர் ஆய்வின் அடிப்படைக் கேள்வி, சொல்லும் விலைக்குள் வேலை முடிய எவ்வளவு வாய்ப்பு உண்டு என்பது. திட்டத்தை முன்வைப்பவரே விலையும் சொன்னால் மதிப்பீடு தாழ்ந்தே இருக்கும். 2009-ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம், செலவைச் சுதந்திரமாக மதிப்பிடப் பாதுகாப்புத் துறைக்குள் தனி அலுவலகம் அமைத்தது. அதே சட்டம், 1982-இல் தொடங்கிய நன்-மெக்கர்டி விதியையும் இறுக்கியது. ஓர் அலகின் விலை, நடப்பு மதிப்பீட்டைவிட 25 விழுக்காடோ முதல் மதிப்பீட்டைவிட 50 விழுக்காடோ உயர்ந்தால், திட்டம் ரத்தாக வேண்டியதே. தொடர வேண்டுமானால், இதற்காகப் பணம் இழக்கப்போகும் மற்றத் திட்டங்களைவிட இதுவே முக்கியம் என்று துறை சான்றளிக்க வேண்டும். தொகுப்புச் சிந்தனை சட்டமாகவே ஆன இடம் இது.

மினிட்மேனுக்கு மாற்றாக உருவாகும் சென்டினல் ஏவுகணைக்கு 2024 ஜூலையில் அப்படித்தான் சான்று கிடைத்தது. 2020 மதிப்பீட்டைவிட 81 விழுக்காடு கூடி, செலவு ஏறத்தாழ 14,090 கோடி டாலரை எட்டியிருந்தது. ஏற்றத்தின் பெரும்பகுதி ஏவுகணையால் வந்ததல்ல, ஏவுதளங்களாலும் கட்டுப்பாட்டு மையங்களாலும் வந்தது. மினிட்மேனின் பழைய நிலவறைக் குழிகளைப் புதுப்பித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் போட்ட திட்டம் அது. பெரும்பாலும் புதிய குழிகளே தோண்ட வேண்டியிருக்கும் என்று விமானப்படை 2025-இல் தெரிவித்தது.