புள்ளியில்லா எழுத்தும் பொருள் தெளிவும்

மெய்யெழுத்துகளும் எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. நன்னூலும் அதனை வழிமொழிகிறது. ஆயினும் ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எழுத்தாணி ஏட்டைத் துளைத்துவிடும் என்ற அச்சமே காரணம் என்பர். கல்வெட்டுகளிலும் புள்ளி அருகியே காணப்படுவதால் இவ்விளக்கம் முழுமையானதன்று.

ரகரமும் காலும் ஒரே வடிவில் எழுதப்பட்டமையால் 'கொல்', 'கோல்', 'கொல', 'கெரல' ஆகிய நான்கும் ஏட்டில் வேறுபாடின்றி அமைந்தன. செய்யுளில் யாப்பும் பாடம் கேட்ட நினைவும் வழிகாட்டின. கடிதம், கணக்கு, நில ஆவணம் போன்ற அன்றாட எழுத்தில் வழக்கமான தொடர்கள் ஓரளவு உதவின. ஆட்பெயர், ஊர்ப்பெயர்களுக்கு அத்துணையும் இல்லை. அறியாத ஊரின் பெயரைப் படிப்பவர் ஊகித்தே ஒலிக்க வேண்டியிருந்தது.

ஏகார நெடிலுக்குக் கொம்பைச் சுழித்து வேறுபடுத்தியவராக வீரமாமுனிவர் (1680–1747) குறிப்பிடப்படுகிறார். தமிழை வேற்றுமொழியாகக் கற்ற ஒருவருக்கு இக்குறை உறுத்தியது வியப்பன்று. பின்னர் அச்சு புள்ளியை நிலைப்படுத்தியது. எனவே சி. வை. தாமோதரம் பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோரின் பதிப்புகளில் காணப்படும் புள்ளிகளுள் பல, சுவடியில் இருந்தவை அல்ல. பதிப்பாசிரியர் பொருள் தேர்ந்து இட்டவை.