எட்டு டாலருக்கு ஒப்படைத்த கடிதங்கள்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–65) வடதரப்புப் படையில் ஜெர்மானிய நிலங்களில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் இருந்தனர். அவர்கள் தாயகத்துக்கு எழுதிய கடிதங்களை வால்டர் காம்ப்ஹோஃப்னரும் வொல்ஃப்காங் ஹெல்பிஷும் தொகுத்து 2002இல் நூலாக்கினர்.

கடிதம் கிடைத்துவிட்டால் குடும்பமும் கிடைத்துவிடும் என்பதில்லை. ஷ்மிட் படைப்பதிவில் ஸ்மித் ஆகியிருப்பார். 1860ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கேடு பிறந்த இடத்தைப் பிரஷ்யா, பவேரியா என்ற அளவில் நிறுத்திவிடும். ஞானஸ்நானப் பதிவேடுகளோ பங்குவாரியானவை. கிராமத்தின் பெயர் தெரியாமல் அவற்றில் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவதுதான்.

அந்தப் பெயரைப் பெரும்பாலும் தருவது ஓய்வூதியக் கோப்பு. 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறந்த சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு மாதம் 8 டாலர். அவள் திருமணச் சான்றையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றையும் காட்டவேண்டும். மனைவி மக்கள் இல்லாதவன் இறந்தால் அத்தொகை, அவனை நம்பி வாழ்ந்த தாய்க்கு. நம்பி வாழ்ந்ததை எப்படி மெய்ப்பிப்பது? பணம் அனுப்பியதாக மகன் எழுதிய கடிதங்களை அரசிடம் ஒப்படைத்த தாய்மார் பலர். வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் அவை இன்றும் கோப்புகளுக்குள் கிடக்கின்றன. எத்தனை பேரிடம் மகனின் கையெழுத்தாக வேறொன்றும் மிஞ்சவில்லையோ!

அலுவலருக்கு வேண்டியது பணத்தைப் பற்றிய ஒரே வரி. அதே தாளில் காய்ச்சலையும் வராத சம்பளத்தையும் ஊர்க்காரன் ஒருவனின் சாவையும் எழுதிய மற்ற வரிகளைத்தான் ஆய்வாளர்கள் இப்போது படித்துக்கொண்டிருக்கிறார்கள்.